சுன்னத்து: இழுப்பதற்கும் வெட்டுவதற்கும் முன்

3 வயதுப் பையனுக்கு முன்தோல் பின்னால் போகவில்லை என்றதும் குளிப்பாட்டும்போது இழுத்துப் பார்ப்பார்கள். கோளாறே அங்கேதான் தொடங்குகிறது. பிறக்கும்போது அது ஆண்குறியின் மொட்டோடு ஒட்டித்தான் இருக்கும். தானாகப் பிரியச் சில வருடம் ஆகும், சிலருக்குப் 10 வயதும் தாண்டும். பலவந்தமாக இழுத்தால் தோல் கிழிந்து, ஆறும்போது தழும்பாகி, இல்லாத இறுக்கம் நிஜமாகவே வந்துவிடும். இழுத்த தோலை மூடாமல் விட்டாலோ, மோதிரம்போல் இறுக்கி மொட்டு வீங்கும்; உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே தெரியும் வெள்ளை உருண்டை சீழ் அல்ல, உதிர்ந்த செல்கள்.

தழும்பில்லாத இறுக்கத்துக்கு, டாக்டர் சொல்லி 0.05% பீட்டாமெத்தசோன் களிம்பை தினம் இருவேளை 4 முதல் 8 வாரம் தடவினாலே பெரும்பாலும் சரியாகும். நுனி வெளுத்துக் கெட்டிப்பட்டிருந்தால்தான் கத்தி. நடுவயதில் புதிதாக இறுகி வெடித்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

மார்க்கத்துக்காகச் செய்பவர்களிடம் இந்தக் கணக்கெல்லாம் பேசுவது வீண். இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் (மத்ஹப்), ஷாஃபியில் அது கட்டாயம், ஹனஃபியில் கட்டாயமில்லாத நபிவழி. ஆனால் கடமை என்பதால் சோதனையைத் தவிர்க்கலாம் என்றில்லை. யூதர்கள் 8ஆம் நாள் செய்வார்கள். குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் அவர்களே தள்ளிப்போடுவார்கள். இரண்டு அண்ணன்மார் இதில் இறந்திருந்தால் மூன்றாமவனுக்குச் செய்யாதே என்கிறது யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூத். ரத்தம் உறையாத நோய்க்குப் பெயர் வைப்பதற்குப் பல நூற்றாண்டு முந்தைய எச்சரிக்கை அது. தாய்மாமன்களுக்குப் பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போனதா என்று கேட்டுவிடுங்கள். சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடியில் இருந்தால் வெட்டவே கூடாது. பிறகு அதைச் சரிசெய்ய அந்தத் தோல்தான் தேவைப்படும்.

இன்னொரு குழப்பம், ஆப்பிரிக்க ஆய்வுகளை இங்குள்ள கைக்குழந்தைக்குப் பொருத்துவது. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் நடந்த சோதனைகளில், சுன்னத்து செய்துகொண்ட ஆண்களுக்குப் பெண்ணிடமிருந்து எச்ஐவி தொற்றுவது ஏறக்குறைய 60% குறைந்தது. அவர்கள் வளர்ந்த ஆண்கள். நோய் பரவலாக உள்ள ஊர்கள். ஆணுறையும் வேண்டும் என்றுதான் சொன்னார்கள். நன்மை கூடுதல் என்று 2012இல் சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் எல்லாருக்கும் செய்யச் சொல்லவில்லை. நெதர்லாந்து மருத்துவர் சங்கம் 2010இலேயே, மருத்துவக் காரணமில்லாமல் சிறுவர்களுக்குச் செய்ய வேண்டாம் என்றது. ஒன்றை மட்டும் காட்டி வாதாடுவது நேர்மையில்லை.

செய்த பிறகு மொட்டில் படியும் மஞ்சள் படலத்தைச் சீழ் என்று தேய்க்காதீர்கள், அது ஆறுகிற அடையாளம். பிளாஸ்டிக் வளையம் போட்டிருந்தால் பெரும்பாலும் 10 நாளுக்குள் தானே விழும், பிடித்து இழுக்க வேண்டாம். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. அப்படியும் நிற்காவிட்டாலோ, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.