லூவர் அருங்காட்சியகம்: போவதற்கு முன்பே நாம் செய்துவிடும் தவறுகள்

பாரிஸ் போகிறவர்களின் பயணத் திட்டத்தில் லூவர் அருங்காட்சியகம் பெரும்பாலும் இப்படித்தான் இடம்பெறும்: "காலை 10 மணி லூவர், 12 மணி மதிய உணவு, 1 மணி ஈஃபிள் கோபுரம்." இந்த ஒற்றை வரிக்குள்ளேயே மூன்று நான்கு தவறுகள் ஒளிந்திருக்கின்றன. அந்த நாள் செவ்வாய்க்கிழமையாக அமைந்துவிட்டால் ஐந்தாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும். செவ்வாய்க்கிழமை லூவருக்கு விடுமுறை.

முதலில் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். லூவரில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பவை மட்டும் சுமார் 35,000. ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து விநாடி நின்றால்கூட, நடக்கும் நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலே, ஏறத்தாழ நூறு மணி நேரம் வேண்டும். பிரெஞ்சு மன்னர்களின் அரண்மனையாக இருந்த கட்டடம் இது. புரட்சிக்குப் பிறகு, 1793 ஆகஸ்ட் 10 அன்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மன்னர்கள் தலைமுறை தலைமுறையாக இழுத்து இழுத்துக் கட்டிய மாளிகை என்பதால், பார்வையாளர் வசதிக்காகத் திட்டமிட்ட கட்டடத்தின் ஒழுங்கை இதில் எதிர்பார்க்க முடியாது. எதையெல்லாம் பார்க்காமல் விடப்போகிறோம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போகிறவர்தான் இங்கே நிம்மதியாக நடக்கிறார். முழுவதையும் பார்த்துவிடலாம் என்று நுழைகிறவர் மூன்றாவது மணி நேரத்தில் நாற்காலி தேடுகிறார்.

நாளும் நேரமும்

திங்கள், வியாழன், சனி, ஞாயிறு ஆகிய நாட்களில் காலை 9 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும். புதன், வெள்ளி இரண்டு நாட்களும் இரவு 9 வரை. ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களிலும் விடுமுறை உண்டு.

பலர் காலை 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் நுழையத் திட்டமிடுகிறார்கள். சுற்றுலாக் குழுக்களும் அதே நேரத்தில்தான் வந்து சேர்கின்றன. என்னைக் கேட்டால், புதன் அல்லது வெள்ளி மாலைதான் நல்ல நேரம். குழுக்கள் கிளம்பியிருக்கும், குழந்தைகளோடு வந்தவர்களும் போயிருப்பார்கள். காலையில் தோளோடு தோள் உரசிய கூடங்களில் அப்போது தாராளமாக நடக்கலாம். மாலை சரிப்படாதவர்கள் காலை 9 மணிக்கான அனுமதியையே எடுக்க வேண்டும்.

திங்கட்கிழமையைத் தவிர்க்க ஒரு காரணம் உண்டு. சேன் நதிக்கு அக்கரையில் இருக்கும் ஓர்சே அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. அங்கே போக நினைத்தவர்களில் ஒரு பகுதியினர் இங்கே திரும்பிவிடுவார்கள்.

டிக்கெட்டில் வரும் சிக்கல்கள்

நாளொன்றுக்குச் சுமார் 30,000 பேர் என்று லூவர் தனக்குத்தானே வரம்பு வைத்திருக்கிறது. 2024இல் மட்டும் 87 லட்சம் பேர் வந்து போனார்கள். ஆகவே வாசலில் போய் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம் என்பது கோடைக்காலத்தில் சூதாட்டம். இணையத்தில் நேரம் குறித்து வாங்குவதே வழி. அதையும் அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் வாங்க வேண்டும். தேடுபொறியில் முதலில் வந்து விழும் பல தளங்கள் இடைத்தரகர்களுடையவை. "வரிசையில் நிற்கத் தேவையில்லை" என்று சொல்லி அவை அதிக விலைக்கு விற்பதும் பெரும்பாலும் இதே நேரம் குறித்த டிக்கெட்தான். பாதுகாப்புச் சோதனை எல்லோருக்கும் பொது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த வரிசையில் நின்றே ஆக வேண்டும்.

விலை பற்றிய பழைய தகவலை நம்பிப் போகிறவர்களும் உண்டு. 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், நார்வே) வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் 32 யூரோ ஆகிவிட்டது. அதற்கு முன் எல்லோருக்கும் 22 யூரோ. அந்தப் பகுதிக்குள் குடியிருக்கும் உறவினரோடு போகும்போது இருவர் டிக்கெட்டும் ஒரே விலையில் இருக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் குடியிருப்புச் சான்றையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

18 வயதுக்கு உட்பட்டோருக்கு அனுமதி இலவசம். இங்கேதான் பெற்றோர் தடுமாறுகிறார்கள். இலவசம்தானே என்று பிள்ளைகளுக்கு நேரம் பதிவு செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். பணம் கட்டாவிட்டாலும் அவர்களுக்கும் அதே நேரத்துக்குப் பதிவு செய்ய வேண்டும், வயதைக் காட்டும் அடையாள ஆவணமும் வேண்டும். பல அருங்காட்சியகங்களுக்குச் சேர்த்து விற்கப்படும் பாரிஸ் அருங்காட்சியக பாஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான்: பாஸ் கையில் இருந்தாலும் லூவருக்குத் தனியாக நேரம் குறிக்க வேண்டும்.

எங்கே இறங்குவது, எப்படி நுழைவது

மெட்ரோவில் முதல் எண் வழித்தடத்தில் போகிறவர்கள் "லூவர்–ரிவோலி" என்ற பெயரைப் பார்த்ததும் இறங்கிவிடுகிறார்கள். பெயரில் லூவர் இருந்தாலும் அந்த நிலையம் அரண்மனையின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. இறங்க வேண்டியது அதற்கு மேற்கே அடுத்திருக்கும் "பலே ரோயால் – மியூசே து லூவர்". முதல் எண், ஏழாம் எண் வழித்தடங்கள் இரண்டும் அங்கே நிற்கும்.

ஐ.எம். பெய் வடிவமைத்து 1989இல் திறந்த கண்ணாடிப் பிரமிடுதான் பிரதான வாசல். படம் எடுப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வெயிலிலோ மழையிலோ வரிசையில் நிற்பதற்கு அது அவ்வளவு நல்ல இடமல்ல. டிக்கெட் வைத்திருப்பவர்கள் நிலத்தடியில் இருக்கும் காருசெல் வணிக வளாகம் வழியாகவும் நுழையலாம். மெட்ரோ நிலையத்திலிருந்து தெருவுக்கு ஏறாமலே அங்கே போய்விடலாம். எந்த வழியாக வந்தாலும் கடைசியில் பிரமிடுக்குக் கீழே உள்ள அதே கூடத்துக்குத்தான் வந்து சேர்வீர்கள்.

அறை எண்ணைப் படிக்கத் தெரியாமல் போவது

உள்ளே வழி தவறாதவர் யாருமில்லை. ஆனால் அறை எண்களில் இருக்கும் ஒரு ஒழுங்கு தெரிந்தால் பாதி அலைச்சல் குறையும்; இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

லூவர் கட்டடத்துக்கு மூன்று சிறகுகள், அதாவது பக்கப் பகுதிகள்: ரிஷெலியூ, சுல்லி, தெனோன். அறைகளுக்கு மூன்று இலக்க எண்கள். 1 என்று தொடங்கினால் நிலத்தடித் தளம். 2, 3, 4 என்று தொடங்குபவை தரைத்தளம். 5, 6, 7 முதல் தளம். 8, 9 இரண்டாம் தளம். ஒவ்வொரு தளத்திலும் அந்த வரிசை ரிஷெலியூ, சுல்லி, தெனோன் என்றே போகும். ஆக 2, 5, 8 ரிஷெலியூ. 3, 6, 9 சுல்லி. 4, 7 தெனோன். பாபிலோனிய மன்னன் ஹமுராபியின் சட்டக் கல் 227இல் என்றால் ரிஷெலியூ தரைத்தளம். மிலோவின் வீனஸ் சிலை 345இல், அதாவது சுல்லி தரைத்தளம். மோனாலிசா 711, தெனோன் முதல் தளம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, பார்க்க விரும்பும் எட்டு அல்லது பத்துப் படைப்புகளின் அறை எண்களை ஒரு தாளில் எழுதினால், எது எதற்கு அருகில் என்பது தானாகத் தெரிந்துவிடும். ஒரே சிறகில் இருப்பவற்றை அடுத்தடுத்துப் பார்க்கலாம். கோடிக்குக் கோடி ஓட வேண்டியதில்லை.

மோனாலிசாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது

மோனாலிசாவைப் பார்க்காதீர்கள், அது வெறும் விளம்பரம் என்று சொல்லும் அறிவாளிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். அவ்வளவு தூரம் போய்விட்டுப் பார்க்காமல் திரும்பினால் மனம் கேட்காது. ஆனால் எதை எதிர்பார்த்துப் போவது என்று தெரிந்திருக்க வேண்டும். ஓவியத்தின் உயரம் 77 சென்டிமீட்டர், அகலம் 53. கண்ணாடிக்குப் பின்னால், தடுப்புக்கு அப்பால், நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் உயர்த்திப் பிடித்த தலைகளுக்கு மேலாகத் தெரியும். முன்வரிசைக்கு வந்ததும் காவலர்கள் நகரச் சொல்வார்கள். திருப்பதியில் "ஜருகண்டி" கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கிடைக்கும் அந்த அரை நிமிடத்தைக் கைப்பேசித் திரையைப் பார்த்துச் செலவிடுவதுதான் பெரிய தவறு. அதைவிடத் தெளிவான படம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

பார்த்து முடித்ததும் அப்படியே திரும்புங்கள். எதிர்ச் சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு இத்தாலிய ஓவியர் வெரோனீஸின் "கானாவூர்த் திருமணம்" இருக்கிறது. 1563இல் தீட்டி முடித்தது, 6.77 மீட்டர் உயரம், 9.94 மீட்டர் அகலம். லூவரிலேயே மிகப் பெரிய ஓவியம். வெனிஸ் நகரத்து மடத்தின் உணவுக்கூடத்துக்காக வரையப்பட்டதை 1797இல் நெப்போலியனின் படை எடுத்துவந்தது. தண்ணீர் திராட்சரசமான பைபிள் கதைதான் பொருள், ஆனால் ஓவியர் அதை வெனிஸ் செல்வந்தர் வீட்டு விருந்தாக்கிவிட்டார். நடுவில் கிறிஸ்து அமைதியாக அமர்ந்திருக்க, அவர் தலைக்கு நேர் மேலே மாடியில் ஒருவர் இறைச்சி வெட்டிக்கொண்டிருக்கிறார். முன்னால் இசைக் கலைஞர்கள் வாசிக்கிறார்கள். வலப்பக்கம் கீழே, ஒரு பூனை மல்லாந்து படுத்து ஜாடியை நகத்தால் பிராண்டுகிறது. இத்தனைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் அறையிலிருக்கும் கூட்டம் நிற்கிறது.

இதைவிட வேடிக்கை வாசலுக்கு வெளியே. அந்த அறையை ஒட்டிய நீண்ட பெருங்கூடத்தில் லியொனார்டோ டா வின்சியின் "பாறைகளின் கன்னி", "புனித அன்னாள்" போன்ற ஓவியங்கள் தொங்குகின்றன. ஒரு லியொனார்டோவுக்காக முக்கால் மணி நேரம் நெருக்கியடித்தவர்கள், மற்ற லியொனார்டோக்களைத் திரும்பிப் பார்க்காமல் கடந்துபோகிறார்கள். முண்டியடிக்காமல், முகத்தின் நிழல்கள் ஒன்றிலொன்று கரையும் அந்த வித்தையை அருகில் நின்று பார்க்க வேண்டுமானால் இங்கேதான் பார்க்க வேண்டும்.

கூட்டமில்லாத பக்கத்தை விட்டுவிடுவது

பிரமிடுக்குக் கீழிருந்து கூட்டம் மொத்தமும் தெனோன் பக்கம் திரும்பும். சமோத்ரேஸ் வெற்றித் தேவதைச் சிலை, மோனாலிசா இரண்டும் அங்கே இருப்பதே காரணம். எதிர்ப்பக்கம் ரிஷெலியூவில் நுழைந்தால் மூச்சு விட இடம் கிடைக்கும்.

அங்கே தரைத்தளத்தில் கோர்சாபாத் முற்றம் என்று ஒன்று உண்டு. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோனின் அரண்மனை வாயிலைக் காத்த கற்சிலைகள்: மனிதத் தலை, காளை உடல், கழுகின் இறக்கை, நான்கு மீட்டருக்கு மேல் உயரம். கால்களை எண்ணிப் பாருங்கள். ஐந்து இருக்கும். நேர் எதிரே நின்றால் இரண்டு கால்களை ஊன்றி அசையாமல் நிற்பது போலவும், பக்கவாட்டில் வந்தால் நான்கு கால்களால் நடப்பது போலவும் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிற்பி ஒரு காலைக் கூட்டிவிட்டார். பிள்ளைகளுக்குக் காட்டினால் அடுத்த அறைக்கு வரவே மாட்டார்கள்.

அதே சிறகின் இரண்டாம் தளத்தில் டச்சு ஓவியர் வெர்மீரின் "பின்னல் வேலை செய்யும் பெண்" இருக்கிறாள். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தின் அளவுதான், ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் உயரம். தையல் திண்டிலிருந்து வழியும் சிவப்பு நூலை உற்றுப் பாருங்கள்: நூலாக வரையாமல், வண்ணத்தைச் சொட்டவிட்டது போல் விட்டிருப்பார்.

வான்கோவையும் ரெனுவாரையும் தேடி இங்கே வருகிறவர்கள் ஏமாறுவார்கள். 1848 முதல் 1914 வரையிலான கலைக்கு உரிய இடம் ஓர்சே. இரண்டையும் ஒரே நாளில் அடைக்க முயலாதீர்கள். இரண்டாவதாகப் பார்ப்பது எதுவானாலும் அதற்கு அநியாயம் நடக்கும்.

சின்னச் சின்ன விஷயங்கள்

விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேராக வந்துவிடாதீர்கள். 55 × 35 × 20 சென்டிமீட்டரைவிடப் பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள், வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். அதற்குள் அடங்கும் பைகளை இலவசப் பெட்டகத்தில் வைக்கலாம். செல்ஃபிக் குச்சிக்கும் ஃபிளாஷுக்கும் தடை. கூட்டம் மிகுந்த அறைகளில் சட்டைப்பையில் ஒரு கண் இருக்கட்டும். ஜேப்படித் தொல்லை தாங்காமல் 2013இல் ஊழியர்களே வேலைநிறுத்தம் செய்த இடம் அது.

வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு அதே டிக்கெட்டில் திரும்ப நுழைய முடியாது. காட்சிக்கூடங்களில் சாப்பிடவும் கூடாது. எனவே வயிற்றை நிரப்பிக்கொண்டு வருவது அல்லது உள்ளேயே இருக்கும் உணவகத்தை நம்புவது என்று முன்பே தீர்மானியுங்கள்.

புறப்படும் நாளன்று காலையில் அருங்காட்சியகத்தின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம். சில அறைகள் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மூடப்படும். ஓவியங்கள் வேறு ஊர்க் கண்காட்சிகளுக்குப் போயிருக்கும். 2025 ஜூன் 16 அன்று ஊழியர்கள் திடீரென வேலையை நிறுத்தியதில் டிக்கெட்டோடு வந்தவர்கள் பிரமிடைச் சுற்றி மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று அரச நகைகள் பட்டப்பகலில் கொள்ளை போனபோது அருங்காட்சியகமே சில நாட்கள் மூடிக் கிடந்தது.

கடைசி நுழைவு மூடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு. அரை மணி நேரம் இருக்கும்போதே காவலர்கள் அறைகளைக் காலி செய்யத் தொடங்கிவிடுவார்கள். 6 மணிக்கு மூடும் நாளில் உங்கள் கடைசி ஓவியத்தை 5 மணிக்குள் பார்த்துவிடும்படி நேரத்தை வகுத்துக்கொண்டால், பெட்டகத்துக்கும் கழிப்பறைக்கும் முன்னால் சேரும் வரிசைகளில் சிக்காமல் வெளியே வந்துவிடலாம்.