தேர்வு ராத்திரிக்கு ஒரு கால்மணி நேர யோகா

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில் நவம்பர் வந்தால் இரண்டு வேக்காடு. ஒன்று வெயில், இன்னொன்று தேர்வு. இங்கே பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாக விடுதியில் இருக்கும் என் அண்ணன் மகள் போன நவம்பரில் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் போட்டாள். "அத்தை, படிச்சது எதுவும் நிக்கல, நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்றாள். அன்று போனிலேயே சொல்லிக்கொடுத்ததுதான் இது. ஒரு ஆள் படுக்கத் தரையில் இடமும் ஒரு துண்டும் போதும். தலைகீழாக நிற்பதெல்லாம் யூடியூபோடு இருக்கட்டும்.

வயிறு மட்டும் லேசாக இருக்க வேண்டும். குவார்ட்டர் மட்டன் பன்னி சவ்வை (கால் ரொட்டியைக் குடைந்து மட்டன் கறி நிரப்பிய டர்பன் சாப்பாடு) முடித்த கையோடு ஆரம்பிக்காதீர்கள், மூன்று மணி நேரமாவது போகட்டும். பகலில் செய்தால் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். கண்ணைத் திறக்கும்போது எதிரே குரங்கு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தால் செய்த பலனெல்லாம் போச்சு.

1. மூச்சு (5 நிமிடம்). பத்மாசனம் வேண்டாம். சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். மூக்கு வழியே நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். நடுவில் அடக்க வேண்டாம். ஆறு வரை வரவில்லையா, மூன்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுவது நீளமாக இருப்பதுதான் இதில் விஷயம். சந்தேகமாக இருந்தால் மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது நாடி கொஞ்சம் ஓடும், விடும்போது தளரும். மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு இதயத்துக்குப் போடும் கடிவாளம் அது. மனசிடம் "பதறாதே" என்றால் கேட்காது. மூச்சு வழியாகச் சொன்னால் உடம்பாவது கேட்கும்.

2. பாலாசனம் (2 நிமிடம்). மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்கார்ந்து முன்னால் குனிந்து, நெற்றியை மடித்த துண்டின் மேல் வையுங்கள். முழங்கால் வலித்தால் விட்டுவிடுங்கள்.

3. சுவரில் கால் (5 நிமிடம்). இதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். சுவருக்கு நேராக உட்கார்ந்தால் காலைத் தூக்கவே முடியாது. பக்கவாட்டில், ஒரு பக்க இடுப்பு சுவரைத் தொடும்படி உட்காருங்கள். கையை ஊன்றி முதுகைத் தரையில் சாய்த்தபடியே கால்களைச் சுவரில் ஏற்றுங்கள். தொடையின் பின்பக்கம் இழுத்தால் ஒரு சாண் தள்ளிப் படுங்கள். இறங்கும்போது முழங்காலை மடக்கி, ஒருக்களித்துக் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு எழுந்திருங்கள், இல்லையென்றால் தலை சுற்றும். கண் அழுத்த நோயோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு இது வேண்டாம். உலகமே யோகா தினம் கொண்டாடும் ஜூன் 21, பூமியின் தென்பாதியில் இருக்கும் நமக்கு நடுக்குளிர்காலம். சுவர் சில்லென்றிருக்கும், காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் வாரக்கணக்கில் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் யோகாவை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசகரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் ராத்திரி எந்நேரமானாலும் தென்னாப்பிரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567-ஐக் கூப்பிடுங்கள்.

4. சவாசனம் (3 நிமிடம்). மல்லாந்து படுத்து, உள்ளங்கை மேலே பார்க்க, கண்ணை மூடுங்கள். மறக்காமல் அலாரம் வையுங்கள். அண்ணன் மகள் வைக்கவில்லை. அந்தப் பக்கம் குறட்டைச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் போனை வைத்தேன்.