செவென் மலைப் பூங்காவில் மந்தைகளின் வழியே நடப்பது எப்படி?

தெற்குப் பிரான்சில் உள்ள செவென் தேசியப் பூங்கா 1970ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அதன் மையப் பகுதிக்குள்ளேயே இன்றும் உழவர்களும் மேய்ப்பர்களும் குடியிருக்கிறார்கள் என்பதை, அங்கே செல்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஆடுகள் மேய்வதால்தான் அந்த மலைமுகடுகள் புல்வெளிகளாக நிலைத்திருக்கின்றன. மேய்ச்சல் நின்றுவிட்டால் புதரும் மரமும் அவற்றை மூடிவிடும். செவென் மலைகளையும் அருகிலுள்ள கோஸ் பீடபூமிகளையும் 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் இந்த மேய்ச்சல் மரபுக்காகவே.

மந்தைகள் மலையேறுவதைக் காண ஜூன் மாதமே ஏற்றது. சமவெளியில் வெயில் ஏறிப் புல் காயத் தொடங்கும்போது, 'திராய்' எனப்படும் பழைய மந்தைப் பாதைகளில், கழுத்து மணிகள் ஒலிக்க ஆடுகள் எகுவால், லொசேர் மலைகளுக்கு ஓட்டிச் செல்லப்படுகின்றன. பூங்காவின் தலைமையகம் ஃப்ளோராக் ஊரின் பழைய கோட்டையில் இருக்கிறது. அந்த ஊரிலேயே வரைபடம் வாங்கி, மந்தைகள் எந்தப் பக்கம் மேய்கின்றன என்று கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது.

மிகுந்த கவனம் தேவைப்படுவது காவல் நாய்களிடத்தில்தான். ஓநாய்கள் திரும்பி வந்துவிட்டதால் சில மந்தைகளுடன் பெரிய வெள்ளை நாய்கள் இருக்கும். குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்ந்த அவை, மந்தையை நெருங்கும் எவரையும் குரைத்தபடி வந்து சோதிக்கும். அப்போது ஓடக் கூடாது. தடியை ஓங்கவோ, கல்லை எடுக்கவோ, நாயின் கண்ணை உற்றுப் பார்க்கவோ கூடாது. நின்று, தணிந்த குரலில் பேசி, அது அமைதியடைந்த பின் மந்தையைச் சுற்றி வெகு தொலைவாக விலகிச் செல்ல வேண்டும். மிதிவண்டியில் வருபவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நட்பாகத் தோன்றினாலும் அவற்றைத் தடவிக்கொடுக்காதீர்கள், உணவும் போடாதீர்கள். மந்தையை விட்டு மனிதர் பின்னால் வரப் பழகிய நாயால் மேய்ப்பருக்குப் பயனில்லை. உங்கள் சொந்த நாயை மையப் பகுதியில் கயிற்றில்தான் பிடித்திருக்க வேண்டும்.

வேலிக் கதவு மூடியிருந்தால், கடந்தபின் மூடிவிட்டுச் செல்லுங்கள். மையப் பகுதியில் தீ மூட்டத் தடை உண்டு. இரவு தங்குவதற்கு, குறியிடப்பட்ட நெடும்பாதைகளை ஒட்டி மாலை 7 மணி முதல் காலை 9 மணி வரை மட்டும் சிறு கூடாரம் அமைக்கலாம்.

கோடையிலும் மழையுடையும் கம்பளிச் சட்டையும் உடன் இருக்கட்டும். லொசேர் மலையின் சிற்றூர்களில் தனியாக நிற்கும் மணிக்கூண்டுகள், பனிப்புயலில் வழி தவறியவர் ஒலி கேட்டு ஊர் வந்து சேர்வதற்காகக் கட்டப்பட்டவை. மூடுபனி இறங்கத் தொடங்கினால், உச்சி எவ்வளவு அருகில் இருந்தாலும் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.