இரண்டு ஸ்பீக்கர், ஒரு அளவு நாடா: தலையீட்டைக் காதால் கேட்போம்

உயர்தரப் பௌதிகவியலில் அலைகள் பகுதியைப் படம் பார்த்து மட்டும் விளங்கிக்கொள்வது கஷ்டம். அதில் வரும் தலையீட்டை, அதாவது இரண்டு அலைகள் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கூட்டுவதையோ குறைப்பதையோ, வீட்டிலேயே செய்து பாருங்கள்.

முதலில் தண்ணீர். அகலமான பேசினில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, அசைவு அடங்கியதும் ஒரு சின்ன ரிஜிபோம் துண்டை மிதக்கவிடுங்கள். ஓரத்தில் விரலால் மெல்லத் தட்டுங்கள். வளையங்கள் துண்டைக் கடந்து ஓடும். துண்டு எழும், தாழும், அவற்றோடு ஓடிப்போகாது. அலை கொண்டுபோவது சக்தியை, தண்ணீரை அல்ல.

இப்போது இரண்டு பக்கத்திலும் ஒரே நேரத்தில் தட்டுங்கள். வளையங்கள் மோதி உடைவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து தத்தம் வழியில் போகின்றன. சந்திக்கும் இடத்தில் மட்டும் இடப்பெயர்ச்சிகள் (தண்ணீர் எழும், தாழும் அளவுகள்) கூடுகின்றன: முடியும் (அலையின் மேடு) முடியும் சேர்ந்தால் இரட்டிப்பு, முடியும் அதே அளவு தாழியும் (அலையின் பள்ளம்) சேர்ந்தால் பூச்சியம். இதுதான் மேற்பொருந்துகை. மற்றதெல்லாம் இந்தக் கூட்டலிலிருந்தே வருகிறது.

சரி, இனி ஒலி. இதற்கு மொட்டை மாடிதான் நல்லது. அறைக்குள் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி எல்லாவற்றையும் குழப்பிவிடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருப்பவர்கள் கடல்காற்று ஓய்ந்த நேரமாகப் பாருங்கள்.

வயர் உள்ள ஒரு சோடி ஸ்பீக்கரை 1 மீற்றர் இடைவெளியில், ஒரே பக்கம் பார்த்தபடி வையுங்கள். இரண்டும் ஒரே போனிலிருந்து இயங்க வேண்டும். தனித்தனி புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம், ஒன்று சற்றுப் பிந்தி ஒலிக்கக்கூடும். போனில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டு 700 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 700 அலைகள்) வையுங்கள். கொழும்பு வெப்பநிலையில், அதாவது 30 பாகை செல்சியஸ் அளவில், ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். 350ஐ 700ஆல் வகுத்தால் அலைநீளம், அதாவது ஒரு முடியிலிருந்து அடுத்த முடி வரையான தூரம், அரை மீற்றர்.

ஸ்பீக்கர்களுக்கு முன்னால் 2 மீற்றர் தள்ளி, நடுவில் நில்லுங்கள். ஒரு காதைப் பொத்திக்கொள்ளுங்கள். இரண்டு காதும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் இது முக்கியம். இரண்டு ஸ்பீக்கரின் தூரமும் சமம், எனவே நல்ல சத்தம். அப்படியே பக்கவாட்டில் மெதுவாக நகருங்கள். ஏறத்தாழ 53 சென்ரிமீற்றரில் சத்தம் சட்டென்று இறங்கும். அங்கேயே நின்று, காதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நாடா பிடித்துப் பாருங்கள்: ஒன்று 2 மீற்றர், மற்றது 2.25 மீற்றர். வித்தியாசம் 25 சென்ரிமீற்றர், சரியாக அரை அலைநீளம். அதனால்தான் ஒன்றின் முடி வரும்போது மற்றதன் தாழி வருகிறது. இன்னும் போனால் 1.2 மீற்றரை நெருங்கும்போது சத்தம் திரும்ப ஏறும். அங்கே வித்தியாசம் ஒரு முழு அலைநீளம்.

முழு அமைதி கிடைக்காது. தரையிலிருந்தும் கொஞ்சம் ஒலி தெறிக்கும், தூரமான ஸ்பீக்கரின் ஒலி சற்று மெலிந்தும் இருக்கும். இங்கே குறைந்த சக்தி தொலைந்துபோகவில்லை, சத்தம் கூடிய இடங்களுக்குப் போயிருக்கிறது.

ஒளிக்கும் இதே கணக்குத்தான் என்று ஆங்கிலேய விஞ்ஞானி தாமஸ் யங் 1801இல் சொன்னார். ஒளியின் அலைநீளம் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, ஆகவே அதற்கு மிக நுண்ணிய துளைகள் தேவை.

ஸ்பீக்கரின் பின்னால் சிவப்பு, கறுப்பு வயர் தனித்தனியாகக் கழற்ற முடிந்தால், போனை நிறுத்திவிட்டு ஒன்றில் மட்டும் அவற்றை இடம் மாற்றிப் பூட்டுங்கள். அப்புறம் மறுபடி நடந்து பாருங்கள்: நடுவில் சத்தம் விழும், 53 சென்ரிமீற்றரில் எழும்.