மலையில் கரும்புகை விடும் பழைய இன்ஜெக்‌ஷன் கார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டியிலோ குன்னூரிலோ பழைய கார் கரும்புகை விடுகிறது, பெட்ரோலைக் குடிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "மலையில அப்படித்தாங்க இருக்கும்" என்பார்கள். கார்புரேட்டர் வண்டிக்கு அது சரி. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம்; மேட்டுப்பாளையத்தைவிட காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தாலும் கார்புரேட்டர் ஜெட் அந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைப்பதில்லை.

இன்ஜெக்‌ஷன் காருக்கு இதே பதிலைச் சொல்வதுதான் முதல் தவறு. இந்த வண்டிகளில் சென்சார்கள் தரும் தகவலை வைத்துப் பெட்ரோலை அளந்து கொடுப்பது இ.சி.யு. என்ற சின்னக் கம்ப்யூட்டர். சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் வைத்த (எம்.பி.எஃப்.ஐ.) மாருதி எஸ்டீம் போன்றவற்றில் மேப் சென்சார் உண்டு. இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தை நேரடியாகப் பார்த்து, அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். அந்த வண்டி ஊட்டியில் கரும்புகை விட்டால் பழுது என்றே அர்த்தம். பாஷ் கம்பெனியின் எல்-ஜெட்ரானிக் அமைப்பைப் பொருத்திய பழைய ஜெர்மன் கார்களின் கதை வேறு. அவற்றின் ஏர்ஃப்ளோ மீட்டரில் காற்று தள்ளித் திறக்கும் தகடு இருக்கிறது. காற்றின் எடை குறையும் அளவுக்கு அதன் தள்ளுவிசை குறைவதில்லை. அதனால் உயரத்துக்கென்று தனி சென்சார் இல்லாத வண்டி ஊட்டியில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். அது இயல்பு. ஆனால் பிளக் கரி பிடிப்பதற்கும் கண் எரிவதற்கும் அது மட்டும் காரணமாகாது.

இந்தப் புரிதல் இல்லாமல் காற்று-பெட்ரோல் கலவையை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூவைத் திருகுவதும், ஏர்ஃப்ளோ மீட்டரின் மூடியை உடைத்து உள்ளே ஸ்பிரிங்கை மாற்றி வைப்பதும் இருப்பதிலேயே பெரிய தவறு. ஊட்டியில் புகை நின்றுவிடும். அதே வண்டியை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் வெயிலில் ஏ.சி. போட்டு ஓட்டும்போது பெட்ரோல் போதாமல் இன்ஜின் தட்டும். வால்வும் பிஸ்டனும் வேகும். உண்மையான கோளாறும் அப்படியே இருக்கும். மிக்சரைத் தொடுவது கடைசி வேலை. இ.சி.யு.வுக்கு யார் பொய்த்தகவல் தருகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

என் அனுபவத்தில் அதிகம் பொய் சொல்வது தண்ணீர்ச் சூட்டைப் பார்க்கும் சென்சார். மலை ஏறும்போது இன்ஜின் கொதிக்கிறது என்று, சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போடும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. டிசம்பர், ஜனவரி குளிரில் சேரிங்கிராஸுக்கும் ஃபிங்கர்போஸ்ட்டுக்கும் போய் வரும் அப்படியொரு வண்டியில் தண்ணீர் சூடேறவே ஏறாது. இந்த இடத்தில் மட்டும் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, இன்ஜின்தான் குளிர்ந்து கிடக்கிறது. இ.சி.யு.வும் நாள் முழுக்க சோக் இழுத்துவிட்ட மாதிரி பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கொதிக்கிறதென்றால் ரேடியேட்டரையும் ஃபேனையும் பாருங்கள். தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள்.

"மீட்டர் முள் சரியா நிக்குது, சென்சார் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். பல வண்டிகளில் முள்ளுக்கு ஒரு சென்சார், இ.சி.யு.வுக்கு வேறொரு சென்சார், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். ஒற்றை ஒயர் வருவது பெரும்பாலும் முள்ளுக்கு. இரண்டு ஒயர் வருவதுதான் நமக்கு வேண்டியது. கப்ளரைக் கழற்றினால் பின்னில் பச்சையாகப் பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலையின் மழைக்கும் பனிக்கும் இது சகஜம்; தொடர்பு விட்டுப்போனால் இன்ஜின் கடும் உறைபனியில் நிற்பதாக இ.சி.யு. நினைத்துக்கொள்ளும். பிறகு மல்டிமீட்டரை வையுங்கள். பரவலாகப் புழங்கும் சென்சார்கள் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும்.

சென்சாரையோ தெர்மோஸ்டாட்டையோ வெந்நீரில் போட்டுச் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். 88 டிகிரியில் திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட் அந்தப் பாத்திரத்தில் முழுதாகத் திறக்காது. கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வேக்வம் ஹோஸ். காற்று கசிந்தால் பெட்ரோல் குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏர்ஃப்ளோ மீட்டர் வண்டியில் அது உண்மை. மேப் சென்சாருக்குப் போகும் மெல்லிய ஹோஸ் வெடித்தாலோ கழன்றாலோ நடப்பது நேர் எதிர். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்திருப்பதாக நினைத்து இ.சி.யு. பெட்ரோலை அள்ளிக் கொடுக்கும். ஹோஸை வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். சில ரூபாய் ஹோஸுக்காக இ.சி.யு.வை மாற்றவேண்டாம்.

பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் ரெகுலேட்டரைச் சோதிக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. அதன் தலையில் இருக்கும் வேக்வம் ஹோஸை இழுத்து நுனியைப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். ஈரமாக இருந்தால், பெட்ரோல் வாடை குப்பென்று வந்தால், உள்ளே டயஃப்ரம் கிழிந்துவிட்டது. அந்த வழியாகப் பெட்ரோல் நேராக மேனிஃபோல்டுக்குப் போகிறது. இன்ஜின் ஆறியிருக்கும்போது செய்யுங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. டயஃப்ரம் நன்றாக இருந்தால் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது அடைத்தாலும் பிரஷர் ஏறும்.

வெளியேறும் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரை வீணாக மாற்றுகிறவர்கள் நிறைய. கரும்புகை வரும்போது அது 0.8, 0.9 வோல்ட்டிலேயே நின்றால் உண்மையைச் சொல்கிறது, பழுது வேறெங்கோ. புகை வந்தும் 0.1 வோல்ட்டில் படுத்திருந்தால் சென்சார் செத்திருக்கலாம், அல்லது ஏமாந்திருக்கலாம். சைலன்சர் பைப்பில் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டாலும் எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். இரண்டிலும் பெட்ரோல் குறைவு என்று எண்ணி இ.சி.யு. இன்னும் கூட்டும். பிளக் ஒயரை மாற்றியதும் கரும்புகை நிற்பது இப்படித்தான்.

ஏர் ஃபில்டர் அடைப்பைக் குறை சொல்வதும் கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்ஜெக்‌ஷனில் வரும் காற்றுக்குத்தான் பெட்ரோல். ஃபில்டர் அடைத்தால் பிக்கப் போகுமே தவிர கரும்புகைக்கு அது காரணமாவது அரிது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் வெள்ளைப்புகையும் பெரும்பாலும் நீராவிதான். இன்ஜின் சூடேறிய பிறகும் அது வந்துகொண்டே இருந்தால்தான் கவலைப்படவேண்டும்.

காலை ஐடிலிங்கில் நின்ற வண்டியின் பிளக்கைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். எல்லாப் பிளக்கும் கருப்பாகத்தான் இருக்கும். பர்லியாரிலிருந்து குன்னூர் வரை ஏறி, பாதுகாப்பாக ஓரம் கட்டி, ஐடிலிங்கில் விடாமல் உடனே அணைத்து, ஆறியதும் கழற்றிப் பாருங்கள். ஒரு பிளக் மட்டும் கருப்பென்றால் அந்த இன்ஜெக்டரோ ஒயரோ. நான்கும் கருப்பென்றால் சூடு, பிரஷர், காற்று பற்றிய தகவலில் தப்பு.

பழுதைச் சரிசெய்தபின் இன்ஜின் ஆயிலை அப்படியே விடாதீர்கள். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தால் ஆயில் நீர்த்துவிட்டது, பேரிங்கைக் காக்காது. அந்த ஆவி பி.சி.வி. என்ற வால்வு வழியாகத் திரும்ப இன்ஜினுக்குள் போவதால், சரிசெய்த வண்டியும் ரிச்சாகவே (பெட்ரோல் கூடுதலாகவே) ஓடுவதுபோல் காட்டும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, பேட்டரி ஒயரைக் கொஞ்ச நேரம் கழற்றி, இ.சி.யு. பழைய கணக்கை மறந்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.