மொட்டைக் குன்றில் செடி கணக்கெடுக்க

வேலூர், குடியாத்தம் பக்கத்துப் பாறைக் குன்றுகளில் செடி பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் வனத்துறை அனுமதியை வாங்கிவிடுங்கள். காப்புக்காட்டில் ஒரு கிளையை ஒடிக்கவும் எழுத்து அனுமதி வேண்டும். சந்தன மரம் நிற்கிற ஜவ்வாது மலைப் பக்கம் கத்தியோடு திரிகிறவனை யாரும் சும்மா விடமாட்டார்கள்.

லீவு கிடைக்கிறதே என்று மே மாதத்தில் போகாதீர்கள். உசிலை, வெள்வேலம் மாதிரி மரங்களைத்தான் பார்க்கலாம். பூண்டுகள், அதாவது தண்டு கட்டைபடாத சிறு செடிகள், எல்லாம் மண்ணுக்குள் விதையாகவோ கிழங்காகவோ கிடக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஏறுங்கள். பாறையில் நீர் கசிகிற இடத்தில் ஒரு விரற்கடை மண்கூட இருக்காது, அதிலும் பூச்சி பிடிக்கிற அழுகண்ணி சிவப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். மண்டி போட்டால்தான் கண்ணில் படும். நாலு குன்றை ஒரு தடவை பார்ப்பதைவிட ஒரே குன்றுக்கு நாலு பருவமும் போவதுதான் என் கட்சி.

மரத்துக்குப் பத்து மீட்டர் சதுரம், புதருக்கு ஐந்து, பூண்டுக்கு ஒன்று என்று கயிறு கட்டி, உள்ளே இருப்பதை எண்ணுவது வழக்கம். சரி, கட்டுங்கள். ஆனால் இங்கே பாதிச் சதுரம் வெறும் பாறையில் விழும். அதனால் வெடிப்பு, சுனை ஓரம், வடக்குச் சரிவு என்று தனித்தனியாக நடந்தும் பட்டியல் எடுங்கள்.

உலர்த்தி வைக்கிற மாதிரிக்குப் பூவோ காயோ உள்ள கிளையாக ஒடியுங்கள். பூவின் நிறத்தை அங்கேயே எழுதுங்கள், காய்ந்தால் மாறிவிடும். பழைய செய்தித்தாளில் வைத்து அழுத்தி, தாளைத் தினமும் மாற்ற வேண்டும். சதைப்பற்றான கள்ளிமுளையான் மட்டும் இதற்கு மசியாது. அழுத்தத்திலேயே உயிரோடு கிடந்து, தாளைப் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். தண்டை நீளவாக்கில் பிளந்து, சதையை வழித்தெடுத்துவிட்டு, கொதிநீரில் ஒரு முக்கு முக்கி அப்புறம் அழுத்துங்கள். பூவைத் தனியாக ஸ்பிரிட் புட்டியில் போடுங்கள்.

ஆடு மேய்க்கிறவர்களிடம் எடுத்ததும் பேர் கேட்டால் கூச்சப்படுவார்கள். "ஆயா, இத ஆடு தின்னுமா?" என்று ஆரம்பியுங்கள். "அய்ய, இதுல ஆடு வாய வைக்குமா? பக்கத்துல இருக்குது பாரு, அதத்தான் தின்னும்" என்று பேச்சு வளரும், பேரும் தானாக வரும். ஊருக்கு ஊர் பேர் மாறும், ஊர்ப் பேரையும் சேர்த்துக் குறியுங்கள்.

அடையாளம் காண, தாவரவியலாளர் கேம்பிள் 1915இல் வெளியிடத் தொடங்கிய மதராஸ் மாகாணத் தாவர நூல் தொகுதிகள் இன்றும் உதவும். அறிவியல் பெயர்கள்தான் பழசு: அக்கேசியாவாக இருந்த வெள்வேலம் இப்போது வாச்செலியா. சந்தேகமானவற்றைக் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.