வளவுக்கும் கண்மாய்க்கும் ஒரே ட்ரைபாட்

காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் வளவில், அதாவது நடுமுற்றத்தில், சாந்திக் கல்யாணப் (அறுபதாம் கல்யாணப்) படம் எடுப்பது என் தொழில். குளிர்காலத்தில் ஞாயிறு விடிந்தால் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில், கண்மாய்க்கரையில் பறவைப் படம் எடுத்துக்கொண்டிருப்பேன். இரண்டுக்கும் தனித்தனியாக ட்ரைபாட் வாங்கக் கட்டுப்படியாகாது. ஏழெட்டாயிரத்துக்குள், வண்டியில் எடுத்துப் போகிற மாதிரி ஒன்று சொல்லுங்கள் என்று கேட்கிற தம்பிகளுக்குத்தான் இது.

பெட்டியில் '12 கிலோ தாங்கும்' என்று போட்டிருப்பதைக் கடைசியாகப் பாருங்கள். தாங்குவது வேறு, ஆடாமல் நிற்பது வேறு. பறவைக்கான 150-600 மி.மீ. ஜூம் லென்ஸும் கேமராவும் சேர்ந்தால் பெரும்பாலும் மூன்று கிலோ பக்கம்தான் வரும். ஆனால் 600 மி.மீ.யில் விரல் பட்டாலே படம் நடுங்கும். அதனால் காலின் அடிக்குழாயைப் பிடித்துப் பாருங்கள். ஐந்து அடுக்குக் கால் குட்டியாக மடங்கும், அடிக்குழாயோ குச்சியாக மெலிந்துவிடும். என் ஓட்டு நான்கு அடுக்குக்குத்தான். மடித்தால் 45 செ.மீ. பக்கம் வரும், பையின் ஓரத்தில் செருகிக்கொள்ளலாம்.

அடுத்தது உயரம். நடுத்தண்டைத் தூக்காமல் எவ்வளவு வருகிறது என்பதுதான் கணக்கு. தண்டைத் தூக்கிவிட்டால் மூன்று காலில் நின்றது ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரி ஆகிவிடும். ஐந்தரை அடி ஆளுக்குக் கால்கள் மட்டும் 130 செ.மீ. வந்தால் போதும். மேலே ஹெட்டும் (கேமராவைப் பிடித்துத் திருப்புகிற தலைப்பகுதி) கேமராவும் ஏறினால் கண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

கார்பன் ஃபைபர் வேண்டுமா? இந்தப் பணத்துக்கு வேண்டாம். குறைகிற எடை பெரும்பாலும் அரைக் கிலோகூட இருக்காது, விலையோ எங்கேயோ போய்விடும். அலுமினியமே வாங்கி, மிச்சத்தை நல்ல பால் ஹெட்டில் (உருண்டை மூட்டில் எந்தப் பக்கமும் திரும்புகிற ஹெட்) போடுங்கள். கேமராவை ஹெட்டில் மாட்டுகிற பிளேட், பல கம்பெனிகள் பின்பற்றும் ஆர்கா-ஸ்விஸ் வகையாக இருக்கட்டும். தொலைத்தாலும் வேறு கம்பெனி பிளேட் பெரும்பாலும் பொருந்தும்.

கடைக்குப் போகும்போது உங்கள் பெரிய லென்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். கேமராவை அல்ல, லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையமான காலரைப் பிளேட்டில் மாட்டுங்கள். முழு ஜூமில் எதிர்க்கடை போர்டின் ஒரு எழுத்தை நடுவில் வைத்து, ஹெட்டை இறுக்கிவிட்டுக் கையை எடுங்கள். எழுத்து நகர்ந்து இறங்கினால் அந்த ஹெட் வேண்டாம். இறங்கவில்லையா, சரி, திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு லென்ஸை லேசாகத் தட்டுங்கள். ஒன்றிரண்டு விநாடியில் அடங்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

நீட்டிய காலை இறுக்கும் லாக்கில் திருகுவகையா, கிளிப் வகையா என்று ஒரு வழக்கு உண்டு. நான் திருகுவகை. கிளிப் 'சடக்' என்று சத்தம் போடும். வேட்டங்குடியில் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே போய் நாம் சடக் சடக்கென்று காலை நீட்டுவது நன்றாக இருக்காது. ஒன்று மட்டும்: கரைச் சேறு திருகுக்குள் போகும். காலை மடிக்குமுன் துடைத்துவிடுங்கள்.

நத்தை குத்தி நாரை கூட்டுக்கு இரை கொண்டுவரும் வரை லென்ஸைக் கையில் தூக்கிக் காத்திருக்க முடியாது. ட்ரைபாட் அங்கே கைவலிக்குத்தான் முதலில் மருந்து. காலை முழுக்க நீட்டாமல் தரையில் உட்கார்ந்து எடுங்கள், ஆட்டம் நன்றாகக் குறையும். காற்றடித்தால் நடுத்தண்டுக் கொக்கியில் பையை மாட்டுங்கள், ஆனால் பை தரையைத் தொட்டபடி இருக்கட்டும். தொங்கினால் ஊஞ்சலாடும். பறக்கிற பறவைக்குப் பால் ஹெட் சரிப்படாது. ஒரு காலைக் கழற்றி மோனோபாடாக்கும் வசதி இருந்தால் அதற்கு உதவும்.

வீட்டுப் படத்துக்குத் தேவை வேறு. பாயில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியின் கண் மட்டத்துக்குக் கேமரா இறங்க வேண்டும். கால்கள் அகலமாக விரியணும், நடுத்தண்டு நீளமாக இருந்து தரையில் இடிக்கக் கூடாது. வளவின் வெளிச்சம் மட்டும் என்றால் ஷட்டர் வேகம் 1/30 விநாடிக்கு வந்துவிடும், கையில் பிடித்தால் படம் ஆடாமல் வருவது நிச்சயமில்லை. ட்ரைபாடில் வைத்து ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டால், "ஆச்சி, இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்ப இந்தத் தூண் இப்படித்தான் இருந்துச்சா?" என்று முகம் பார்த்துப் பேசலாம். பேச்சுவாக்கில் வருகிற முகம் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டால் வராது.

தரையையும் கவனியுங்கள். ஆத்தங்குடிக் கல்லில் கூர்முனை பட்டால் கீறல் நிரந்தரம். கீழே ரப்பர் பாதம் இருக்கிற ட்ரைபாடாகப் பாருங்கள். முனையும் ரப்பரும் மாற்றுகிற மாதிரி இருந்தால், வாசலிலேயே ரப்பருக்கு மாற்றிவிட்டு உள்ளே போங்கள்.

பெட்டியோடு வரும் அலென் கீயைக் (போல்ட்டை இறுக்கும் அறுகோணச் சாவி) கேமராப் பையிலேயே போட்டுவையுங்கள். கால் சேருமிடத்து போல்ட்டுகள் வண்டிக் குலுக்கலில் தளர்ந்துகொண்டேதான் இருக்கும்.